மாற்றி எழுதிய பிறந்த நேரம்

கூலாயில் எங்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால், முன்பின் தெரியாத மூன்று ஆண்கள் ஒரே வாரத்தில் வந்து நின்றார்கள். மூன்று பேரும் சொன்னது ஒன்றுதான்: நான்தான் வரச் சொன்னேனாம். ஒருவர் கையில் பழத்தட்டு வேறு.

பகலில் எனக்கு செனாய்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. வீட்டுக்கு வந்தால், கல்யாண வீட்டு அக்காமார் மாதிரி பேசிக் காணொளி போடுவேன். பசார் மாலாம் இரவுச் சந்தையில் அப்பம் வாங்கப் போனாலும் நீங்கதானே அது என்று கேட்டுப் படம் எடுப்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான், மறைப்பானேன்.

தேடிப் பார்த்தால், என் பெயரிலும் முகத்திலும் இன்னொரு கணக்கு. அதில் ‘நான்’ மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தேன். கண்டவனிடம் குழைந்தேன், வீட்டு விலாசம் கொடுத்தேன். வேலை முடிந்து நான் ஹெல்மெட் மாட்டுகிற படம் அன்று மாலையே அதில் வந்தது. எவனோ எதிரில் நின்று எடுத்திருக்கிறான். மறுநாள் தொழிற்சாலைக் கேட்டுக்கு உள்ளேயே ஹெல்மெட்டை மாட்டி முகத்தை மூடிக்கொண்டுதான் வெளியே வந்தேன். அப்படி ஒளிந்ததற்காக என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அம்மா என் கணக்கை மூடச் சொன்னார். நான் ஏன் மூட வேண்டும்? அவன் திருடுவான், நான் ஒளிந்துகொள்ள வேண்டுமா? நல்ல நியாயம்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்து அந்தக் கணக்கை ஒரு வரி விடாமல் படித்தேன். ஓரிடத்தில், காலை ஆறு நாற்பதுக்குப் பிறந்தவள், சுத்த ஜாதகம் என்றிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் பிறந்தது பகல் பன்னிரண்டே காலுக்கு, பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. இந்த மடையனுக்கு ஒழுங்காகத் திருடக்கூடத் தெரியவில்லை என்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை. அந்த நேரத்தைச் சொன்னது தான்தான் என்றார்.

எனக்குச் செவ்வாய் தோஷம். அதனாலேயே இரண்டு வரன்கள் தட்டிப்போயின. மூன்றாவதாக லாயாங் லாயாங்கிலிருந்து ஒரு வீட்டார் கேட்டபோது, அம்மா பிறந்த நேரத்தை மாற்றிச் சொல்லிப் புது ஜாதகம் எழுதி வாங்கியிருக்கிறார். ஒரே ஒரு தாள், அந்த வீட்டுக்கு மட்டும். பெண் பார்க்க வந்த அந்த மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொன்னது நான்தான்.

போலீசில் இதைச் சொன்னால் அவன் மாட்டுவான். சொன்னால் அம்மா சொன்ன பொய்யும் ஊருக்குத் தெரியும். கோயிலில் எப்படித் தலை நிமிர்வது என்று அழுதார். நான் வற்புறுத்தவில்லை. திங்கட்கிழமை நான் கிளம்பும்போது அவரே புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

காவல் நிலையத்தில் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. அம்மா தமிழில் சொல்ல, நான் மலாயில் சொன்னேன்.

“நேரத்த மாத்துனது நான்தாங்க. அந்தப் பொய்யி அந்த மாப்பிள்ள வீட்டத் தவிர வேற எங்கயும் இல்ல.”

அந்த மாப்பிள்ளையை விசாரித்தார்கள், ஒப்புக்கொண்டான். அவன் தாய் எங்களுக்குப் போன் போட்டு, ஜாதகத்திலேயே ஏமாற்றிய குடும்பம் என்று எல்லாரிடமும் சொல்லப்போவதாகக் கத்தினார்.

அவருக்கு அந்தச் சிரமம் எதற்கு? அன்று மாலையே பிறப்புச் சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு என் கணக்கில் பேசினேன்.

“நான் பொறந்தது பகல் பன்னண்டே காலுக்கு. செவ்வாய் தோஷம் இருக்கு. ஆறு நாப்பதுக்குப் பொறந்தவ நான் இல்ல.”

எதிரில் போனைப் பிடித்திருந்தது அம்மா. அவர் கை ஆடவில்லை.