அனுமதிக்குக் காத்திருந்த பள்ளி

அரசாங்கப் பள்ளிக் கந்தோரில் வேலை செய்பவர் பிள்ளைகளுக்குப் பயந்தால் போதும். பெற்றோர் சேர்ந்து தொடங்கிய பள்ளியில் வேலை செய்பவர் மாநிலத்தின் பள்ளிச் சட்டத்துக்கும் பயப்பட வேண்டும். என்னைப் போல அப்படியொரு பள்ளி அலுவலகத்தில் அகப்பட்டவர்களுக்கு இது விளங்கும். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் எங்கள் சின்னப் பள்ளிக்கு அப்போது தற்காலிக அனுமதிதான். கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வரும் அதிகாரி ஹெர் வேபர் தலையாட்டாவிட்டால், கோடை விடுமுறையோடு பள்ளிக்குப் பூட்டு.

பேசின் உயரம்

முதல் வருகையிலேயே அவர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்விட்டார். கை கழுவும் பேசின் சிறுவர்களுக்கு உயரமாம். தலைமையாசிரியை உர்சுலா வாதாடிக்கொண்டிருக்க, ஆறு வயது லேனா வந்து, நுனிக்காலில் நின்று, முழங்கை வரை நனைந்தபடி கை கழுவினாள். "பேசின் உயரமா இருக்கா?" என்று ஹெர் வேபர் குனிந்து கேட்டார்.

"இல்லை, நான்தான் கட்டை. நான் வளருவேன், அவசரப்படாதீங்க."

எங்களுக்கும் இடமோ?

ஹோட்டலில் துப்புரவு வேலை செய்யும் செல்வராணி அக்கா, மகள் ஆர்த்தியோடு வாசலிலேயே நின்றார். இது காசுக்காரர் பள்ளி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உள்ள வாங்கோ அக்கா. பெற்றோரின்ர வசதியைப் பாத்துப் பிள்ளையளைப் பிரிக்கக் கூடாது எண்டு சட்டமே இருக்கு" என்றேன், கொஞ்சம் பெருமையாக. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டத்தில இடம் இருக்கட்டும் தங்கச்சி, வகுப்பில கதிரை இருக்கோ?"

இருந்தது. அடுத்த திங்களே ஆர்த்தி அதில் உட்கார்ந்தாள்.

கை உயர்த்தியவர்

கடைசி மேற்பார்வை நாள். மற்றப் பள்ளிகளில் இல்லாத எதை இங்கே கற்பிக்கிறோம் என்று காட்டினால்தான் நிரந்தர அனுமதி. உர்சுலா இரவிரவாக ஓர் உரை தயாரித்திருந்தார். ஆனால் ஹெர் வேபர் வந்த நேரம் பிள்ளைகளின் வாராந்தக் கூட்டம். முற்றத்து ஊஞ்சல் யாருக்கு என்று பெரிய வழக்கு. தலைமை தாங்கியது ஆர்த்தி. வந்த புதிதில் வாயே திறக்காத பிள்ளை. ஹெர் வேபர் இடையில் ஏதோ கேட்கப் போனார். "கை உயர்த்துங்கோ, உங்கட முறை வரும்" என்றாள் ஜெர்மன் மொழியில். உர்சுலா உரைத் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். ஹெர் வேபரோ சின்னக் கதிரையில் மடங்கி இருந்தபடி கையை உயர்த்தினார். மூன்று பிள்ளைகள் பேசி முடித்த பிறகே முறை வந்தது.

"நான் கேட்க வந்ததைப் பார்த்துவிட்டேன், நன்றி."

விடுமுறைக்கு முன்பே அனுமதி வந்தது. அந்தப் பள்ளிச் சட்டத்தை முழுதாக வாசித்துவிட்டுத் தொடங்கியிருந்தால், எங்களில் ஒருவருமே பள்ளி தொடங்கியிருக்க மாட்டோம்.