பாசிட்டிவ் முதுகு

கடையில் விற்கிற மெத்தையில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டுதான் அவர் வியாபாரத்தைத் தொடங்குவார். வாங்க வந்தவர் நின்றுகொண்டிருப்பார், விற்பவர் படுத்திருப்பார். அரை நிமிஷம் கழித்து ஒரு கண்ணை மட்டும் திறந்து, "சார், இது சாதாரண முதுகு இல்ல. டெஸ்ட் பண்ணின முதுகு. இதுக்கே இந்த மெத்த ஒத்துக்குதுன்னா உங்களுக்கு ஒத்துக்காதா?" என்பார். தலையணைக்கு அடியிலிருந்து லேமினேஷன் செய்த ஒரு தாளை உருவி நீட்டுவார். 'பாசிட்டிவ்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இருக்கும்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவருக்கு 'இருபத்தேழு' என்று பெயர். வீட்டு எண் பதினான்கு. கூரியர் கொடுக்க வருகிறவர்கள் இன்னும் குழம்புகிறார்கள். இருபத்தேழு என்பது அவர் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட சரக்கு. முழுப் பெயர் ஹெச்.எல்.ஏ. பி27. உடம்பின் காவல் படைக்கு உதவுகிற, பரம்பரையாக வரும் ஓர் அடையாளம். அது உள்ளவர்களில் சிலருக்கு அந்தப் படையே முதுகெலும்பின் மேல் பாய்ந்து, மூட்டுகள் அழன்று விறைத்து, கடைசியில் எலும்போடு எலும்பு ஒட்டிப்போகும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே ஆகாது. நம் ஆள் இந்த இரண்டாவது கட்சி. நான்கு வருஷத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியைத் தனியாளாக நகர்த்திக் காட்டுகிறேன் பேர்வழி என்று முதுகைப் பிடித்துக்கொண்டார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து, ஸ்கேனும் பார்த்து, வெறும் தசைப்பிடிப்பு, அந்த அடையாளம் பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லி அனுப்பினார். பிடிப்பு ஒரு வாரத்தில் போய்விட்டது. 'பாசிட்டிவ்' மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவர் குனிவதில்லை. எந்த டாக்டர் தடுத்தார் என்று கேட்கக் கூடாது. குடியிருப்போர் கூட்டத்தில் முதல் நாற்காலி அவருக்கு. மேசையைத் தூக்கிப் போடுவது எங்களுக்கு. தினமும் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டே ஸ்டூல் மேல் காலை வைப்பார். மனைவி கீழே உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவார். ஒருமுறை நான் பார்த்துவிட்டேன். "இது ஜீன் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்றார் அவர். அந்த அம்மாள் நிமிராமலே, "ஜீன் குனியாதாம். அதான் நான் குனியறேன்" என்றார்.

அந்த வீட்டில் அவருடைய தங்கையும் இருக்கிறாள். முப்பத்தொரு வயது. பள்ளி வேன் ஓட்டுகிறாள். தனக்குப் பாசிட்டிவ் வந்த சூட்டோடு அவளையும் அழைத்துப்போய் அதே ரத்தப் பரிசோதனையைச் செய்யவைத்தார். நெகட்டிவ். "பரம்பரைச் சொத்து மொத்தமும் எனக்கே வந்துடுச்சு" என்று அவர் வருத்தப்பட்டதில் பெருமைதான் அதிகம் இருந்தது. அதன்பிறகு அந்த வீட்டில் முதுகு வலிக்கு உரிமை ஒருவருக்குத்தான்.

அவளோ விடிவதற்கு முன் எழுந்து எங்கள் மாடி நடைக்கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். "படுத்தா பிடிச்சுக்குதுண்ணா, நடந்தா விடுது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். அண்ணன்காரர், "உனக்குதான் நெகட்டிவ்வாச்சேம்மா. வேலை அலுப்பு. நல்லாப் படு" என்று கடையிலேயே கெட்டியான மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். நன்றாகப் படுக்கப் படுக்க அவளுக்கு வலி கூடியது. வேனைப் பின்னால் எடுக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாமல் இடுப்போடு சேர்த்து மொத்த உடம்பையும் திருப்புவாள். பக்கவாட்டில் தன் செலவில் இரண்டு கண்ணாடி கூடுதலாக மாட்டியிருந்தாள். போன மாதம் பள்ளியில் எல்லா ஓட்டுநருக்கும் உடல் தகுதிச் சான்று கேட்டார்கள். "கழுத்தத் திருப்பிக் காட்டச் சொல்லுவாங்க. முடியலன்னா வேன் கைய விட்டுப் போயிடும்" என்றாள்.

அதே வாரம் அண்ணனுக்கு வருஷாந்திரப் பரிசோதனை. அதாவது, தன் அந்தஸ்தைப் புதுப்பித்துக்கொள்ளும் நாள். கார் என்னுடையது, ஃபைலைத் தூக்கிக்கொண்டு தங்கை வந்தாள். இந்தமுறை புது டாக்டர், ஒரு பெண். அண்ணன் தன் முதுகின் வரலாற்றை முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார். டாக்டரின் பார்வை அவர்மேல் இல்லை. ஃபைலைக் கொடுக்க மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்துகொண்டிருந்த தங்கையின்மேல் இருந்தது.

"நீங்க வாங்கம்மா. சுவத்தோட ஒட்டி நில்லுங்க. குதிகால், முதுகு, தலை மூணும் படணும்."

குதிகால் பட்டது. முதுகும் பட்டது. தலைக்கும் சுவருக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளி.

"அவ நெகட்டிவ் டாக்டர்" என்றார் அண்ணன், ஏதோ ஆள் மாறிவிட்டது போல.

"தாள் நெகட்டிவ்தான். நோய் தாளப் படிச்சுப் பாத்துட்டா வருது? அந்த அடையாளம் இல்லாதவங்களுக்கும் இது வரும். காலைல விறைப்பு விட எவ்வளவு நேரம் ஆகுதும்மா?"

"ஒன்றரை மணி நேரம்."

"எத்தன வருஷமா?"

"நாலு. வீட்ல சொல்லிட்டுதான் இருந்தேன்."

மேற்கொண்டு முற்றாமல் தடுக்க மருந்து இருக்கிறது, ஒட்டிப்போனது ஏதும் இருந்தால் அதைத் திரும்பப் பிரிக்க முடியாது என்று சொல்லி டாக்டர் ஸ்கேனுக்கு எழுதினார். அண்ணன் மேசையிலிருந்த தன் ஃபைலை எடுத்துக்கொண்டார். வழியில் அவரைக் கிண்டல் செய்ய நான் சேர்த்துவைத்திருந்தது எல்லாம் வீணாய்ப் போனது. நான்கு வருஷமாக அந்தக் காலடிச் சத்தம் என் கதவுக்கு வெளியேதான் கேட்டது. காரணத்தை அவளே சொன்ன பிறகும், ஏதோ உடற்பயிற்சி என்று புரண்டு படுத்தவன் நான். வெட்கமாக இருந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஷூவைக் கழற்றிவிட்டுப் போனவள், முடிந்ததும் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காலை எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டாள். நாடா எட்டவில்லை. வீட்டில் என்றால் மாடிப்படியில் காலைத் தூக்கி வைத்துக் கட்டிக்கொள்வாள். இங்கே படி இல்லை. அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். ஃபைலை என் கையில் கொடுத்தார். பிறகு தரையில் மண்டியிட்டார்.

"கால நீட்டு."

"அண்ணா, உன் முதுகு..."

"பேசாம நீட்டு."

நான்கு வருஷமாகப் பழக்கம் விட்டுப்போன கை. போட்ட முடிச்சு உடனே அவிழ்ந்துகொண்டது. இன்னும் நன்றாகக் குனிந்து, மறுபடி கட்டினார்.