நாலு பேர், மூன்று அறை

இங்கிலாந்தின் லீட்ஸில் நவம்பர் பிறந்தால் பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். ஹாஸ்டலில் ஒரு வருஷம்தான் இடம். அடுத்த வருஷத்துக்கு, மாணவர்கள் குடியிருக்கும் ஹைட் பார்க் பேட்டைப் பக்கம் வீடு பிடிக்க வேண்டும். அதற்கு முதலில் கூடக் குடியிருக்க ஆள் பிடிக்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள், பக்கத்து அறைக்காரனின் குடும்பப் பெயர்கூடத் தெரியாதவர்கள், அதற்குள் யாரோடு வாழ்வது என்று முடிவுசெய்தாக வேண்டும். கல்யாணத்துக்குக்கூட இதைவிட அவகாசம் கொடுப்பார்கள். எந்த மடையன் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தானோ, அவனை யாரும் ஒருநாளும் கழற்றிவிட்டிருக்க மாட்டார்கள்.

கெரிஸ் மேடாக் அது எப்படியிருக்கும் என்று தெரிந்தவள். வேல்ஸ் கடற்கரையில் ரில் அவள் ஊர். அம்மா பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தே கெரிஸ் பள்ளிப் படிப்பை முடித்தாள். வேறெந்த சீட்டிலும் அவளுக்காக யாரும் நகர்ந்து இடம் விட்டதில்லை. மத்தியானச் சாப்பாட்டை நூலகத்தின் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து சாப்பிட்டாள். யாரோடும் சண்டை கிடையாது. யாருக்கும் அவள் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். அது சண்டையைவிடக் கொடுமை.

சிவில் இன்ஜினியரிங் படிக்க லீட்ஸ் வந்த முதல் நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தட்டினான் ரோவன். ஹல் நகரத்துக்காரன், இசை படிக்க வந்தவன். கையில் தட்டு, தட்டில் கருகிய டோஸ்ட்.

“ஏய், உள்ள யாராச்சும் உயிரோட இருக்கீங்களா? நாலு துண்டு சுட்டேன், நாலும் கருகிருச்சு. தனியா திங்க அவமானமா இருக்கு. வா!”

சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான். அந்தச் சமையலறையைப் பங்குபோடும் மற்ற இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். கில்ஃபோர்டிலிருந்து வந்த பிப்பா, தன் தயிர் டப்பாவில்கூடப் பெயர் எழுதி ஒட்டுகிறவள். டோபி சட்டம் படிக்கிறவன், எதிரே இருப்பவர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடுகிறவன். அன்றிலிருந்து நாலு பேரும் ஒரே செட். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வறுவலுக்கு அவளுக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு வெந்தது. கெரிஸுக்கு அதை நம்பவே முடியவில்லை.

ரோவன் லேசுப்பட்டவன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பீன்ஸ் சுட வைத்த சட்டியைக் கழுவாமல் மூன்று நாள் காயப்போடுவான். டிராம்போன் என்ற அந்தப் பித்தளை ஊதுகுழலை எடுத்தால் மாடிக்கு மாடி சாபம் கிளம்பும்.

நாலு அறை வீடுகளுக்கெல்லாம் பிப்பா ஒவ்வொரு நொட்டை சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வியாழக்கிழமை பார்த்த வீட்டில் மூன்று அறைதான். ஆனால் நல்ல தெரு, நல்ல சமையலறை, சுவரில் பூஞ்சை இல்லை. ஹைட் பார்க்கில் பூஞ்சை இல்லாத வீடு கிடைப்பதென்றால் சும்மாவா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயர்களைக் கொடுக்க வேண்டும் என்றான் தரகன். நாலு பேரும் மூன்று அறைகளையும் எட்டிப் பார்த்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மழையைப் பற்றிப் பேசினார்கள். எங்கள் நாட்டு ஆட்கள் அப்படித்தான். மனசில் இருப்பதை முகத்துக்கு நேரே சொல்வதற்குப் பதில் ஆற்றில் குதிக்கச் சொன்னால் குதிப்பார்கள்.

அன்று சாயங்காலம் பிப்பா சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, கேட்காமலே டீ போட்டுக் கொடுத்தாள். டீ போடாதவள் டீ போட்டால் உஷாராக வேண்டாமா?

“உக்காருடி கெரிஸ். ரோவன் நல்லவன்தான், நான் இல்லேங்கல. ஆனா அந்தச் சட்டி, அந்தச் சத்தம்... இன்னொரு வருஷம் என்னால முடியாதுப்பா. நீ, நான், டோபி. மூணு பேரும் எவ்ளோ நிம்மதியா இருப்போம்!”

“அவன்கிட்ட யாரு சொல்றது?”

“நீதான். உன் பேச்சைத்தான் அவன் கேப்பான். பக்குவமா சொல்லிரு, சரியா?”

மூன்றில் ஒன்று தன் அறை. தன் பெயரைச் சேர்த்துச் சொல்கிறார்கள். கெரிஸின் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

“சரி,” என்றாள்.

மறுநாள் காலை, எப்படி ஆரம்பிப்பது என்று அவள் தவித்துக்கொண்டிருந்தபோது ரோவனே வந்து நின்றான், தோளில் அழுக்கு மூட்டையோடு. “துணி துவைக்கப் போறேன். துணைக்கு வர்றியா?”

ஹாஸ்டலின் அடித்தளத்தில் சலவை மெஷின்கள் உறுமிக்கொண்டிருந்தன. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ரோவன் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நீட்டினான். அவனும் என்னவோ போல இருந்தான். இரண்டு தடவை வாயெடுத்து, இரண்டு தடவையும் சிப்ஸைப் போட்டு மென்றான். தெரிந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள். போன் அதிர்ந்தது. பிப்பா: ‘சொல்லிட்டியா?’

“ரோவன்.”

“ம்?”

“அந்த வீட்டுல மூணு ரூம்தான்.”

“எண்ணத் தெரியும் எனக்கு.”

“பிப்பா, டோபி, நான்... நீ வேற யாரோடயாச்சும் பாத்துக்கோ. அந்தச் சத்தம், சட்டி... எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு.”

எல்லாருக்கும்! அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ. ஒருநாளும் அவளுக்கு அந்தச் சட்டி பெரிதாகப் பட்டதில்லை.

ரோவன் மெஷினுக்குள் சுழலும் துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“நேத்து டோபி என் ரூமுக்கு வந்தான்,” என்றான் மெதுவாக. “பீர் வாங்கிட்டு வந்தான். கெரிஸ் வாயே திறக்க மாட்டேங்கறா, அவ இருந்தா வீடு வீடாவே இருக்காது, நம்ம மூணு பேர் போதும், நீயே அவகிட்ட பக்குவமா சொல்லிருன்னான்.”

கெரிஸ் அவன் பக்கம் திரும்பினாள். “நீ என்ன சொன்ன?”

“பீரைக் குடிச்சிட்டு, வெளிய போடான்னேன்.”

மெஷின் நின்றது. அவன் எழுந்து ஈரத்துணியை அப்படியே மூட்டையில் திணித்தான்.

“மூணு மணிக்கு ஒரு வீடு பாக்கச் சொல்லி வெச்சிருந்தேன். கார்டிகன் ரோட்ல, மீன் வறுவல் கடைக்கு மேல. ரெண்டு ரூம். அதைச் சொல்லத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நான் என்னிக்குடி துணி துவைச்சிருக்கேன்?”

படியேறிப் போய்விட்டான். சிப்ஸ் பொட்டலம் அவள் மடியிலேயே இருந்தது.

அவள் சமையலறைக்குப் போனபோது பிப்பாவும் டோபியும் மேஜையில் இருந்தார்கள். கெரிஸ் அழவில்லை, கத்தவில்லை. நடந்ததை அப்படியே சொன்னாள். டோபிக்குக் காது சிவந்தது.

“நீ ரோவனைக் கழட்டிவிடச் சொன்னியா? என்கிட்ட ஏன் சொல்லல?” என்றான் பிப்பாவிடம்.

“நீ மட்டும் என்கிட்ட சொன்னியா? அறிவு இருக்கா உனக்கு?” என்று எகிறினாள் பிப்பா. பிறகு கெரிஸ் பக்கம் திரும்பி, எதுவுமே நடக்காத மாதிரி, “விடுடி. எப்படியோ அவன்கிட்ட சொல்லியாச்சு. அஞ்சு மணிக்குள்ள பேர் குடுக்கணும். நீ வர்ற இல்ல? டோபி, உனக்குச் சம்மதம்தானே?” என்றாள்.

“ஆமா ஆமா,” என்றான் டோபி.

அறை இப்போதும் அவளுக்குத்தான். தலையை ஆட்டினால் போதும். ஆட்டாவிட்டால் யாரும் இல்லை. மறுபடியும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்த சீட்தான். ரோவன் இனி முகம் கொடுப்பான் என்பதற்கு என்ன உறுதி?

“வேண்டாம். என் பேரைக் குடுக்காதீங்க,” என்று கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

மீன் கடை வாசலில் மூன்று மணிக்குச் சாவியோடு ஒரு பெண் காத்திருந்தாள். “கெரிஸும் ரோவனும்தானே? இன்னொருத்தர் எங்க?” என்றாள். அவன் அவள் பெயரை முதலில் சொல்லியிருக்கிறான். வருவான் என்றாள், தெரியாமலே. மழை வலுத்தது. அந்தப் பெண் மணியைப் பார்க்கத் தொடங்கினாள். இனி வரமாட்டான் என்று கெரிஸ் முடிவுகட்டிய நேரத்தில், டிராம்போன் பெட்டியைக் குடையாகத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து வந்தான்.

அவள் முகத்தைப் பார்க்காமலே படியேறினான். தெருப் பக்கம் பெரிய அறை, நல்ல ஜன்னல். பின்னால் சின்ன அறை, கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். கீழே மீன் பொரிக்கும் புகை நேரே அங்கேதான் வந்தது. போன் வரவே அந்தப் பெண் கீழே போனாள்.

“ஒண்ணு கேப்பேன்,” என்றான் ரோவன். “பூசி மெழுகாம சொல்லணும்.”

“கேளு.”

“பிப்பா சொன்னப்ப, நீ யோசிச்சியா? இல்ல உடனே சரின்னியா?”

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று சொல்லலாம். அது உண்மையும்கூட. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“உடனே,” என்றாள் கெரிஸ்.

ரோவன் டிராம்போன் பெட்டியைத் தெருப் பக்கத்து அறையின் நடுவில் இறக்கி வைத்தான்.

“பெரிய ரூம் எனக்கு.”

அந்தச் சின்ன அறையில், மீன் வாசனையில், படிப்பு முடியும்வரை இருந்தாள் கெரிஸ். டிராம்போன் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. பீன்ஸ் சட்டியையும் அவள்தான் கழுவினாள்.