கோகிலாவின் வயிற்றில் இருந்தது

கோகிலாவுக்கு வளைகாப்பு நடந்த அன்று பெண்கள் எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். பக்கத்து வீட்டுக்காரி ரோஷன் பீவி, நானும்தான் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் வயிற்றில் பிள்ளையே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

காஜா பெராங் என்கிற எங்கள் ஊரில் எங்கள் வீட்டுக்கு அடுத்த பலகை வீடு சாரதாம்பாளுடையது. மகன் ஜெயபாலன் பாசார்ச் சந்தையில் மூட்டை தூக்குபவன், வாயில்லாப் பூச்சி. அவனுக்குக் கட்டிவைக்க ரப்பர்த் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த பெண்தான் கோகிலா. வந்த புதிதில் என்ன சிரிப்பு, என்ன வாய்! வேலியோரம் நின்று, "பீவியக்கா, ஒங்க வீட்டு மீன்கறி வாசம் என்னைய வேலை செய்ய விட மாட்டேங்குது" என்பாள். ஒரு கிண்ணம் நீட்டினால் நின்ற இடத்திலேயே வழித்துத் தின்பாள்.

வீட்டுக்குப் பின்னால் ஈர நிலத்தில் அவர்களுக்குக் கங்கோங் கீரைப் பாத்தி. வாளிக் கக்கூஸில் விழுவதுதான் அதற்கு உரம். கீரை தளதளவென்று வளரும், பாசாரில் அதற்கு நல்ல பேர். விடிந்தால் கோகிலா அந்தச் சேற்றில் வெறுங்காலோடு நிற்க வேண்டும். தோட்டத்திலிருந்து வரும்போது ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர் கொண்டுவந்திருந்தாள். முதல் நாளே சாரதாம்பாள் அதைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். "பெரியவங்க நடமாடுற வீட்டுல மருமவ செருப்பு மாட்டிக்கிட்டு நடக்குறதா? நல்லாருக்கே!" கோகிலாவின் கால்விரல் இடுக்கெல்லாம் அரித்துத் தடித்துக் கிடந்தது. சேற்றுப்புண் என்று மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டாள்.

ஒரு வருடத்துக்குள் பெண் வெளுத்துப்போனாள். நகம், உதடு, கண்ணிமையின் உட்புறம் எல்லாம் வெள்ளை. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு இரைக்கும். "சோம்பேறி முண்டம்" என்று மாமியார் திட்டும் சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்கும். பிறகு ஒருநாள் கோகிலா அடுப்பு மண்ணைப் பெயர்த்து வாயில் போடுவதை மாமியார் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அன்றோடு திட்டு நின்றது. மண் தின்னும் ஆசை மசக்கைக்காரிக்குத்தானே வரும்! மாதவிலக்கும் நின்றிருந்தது. வயிறும் மெல்ல உப்பியது. கால் வீங்கியதையும் பிள்ளைக்கு அறிகுறி என்றார்கள்.

பாவம், கோகிலாவும் நம்பினாள். வயிறு கடமுடவென்று புரளும்போது என் கையை இழுத்து அதன்மேல் வைப்பாள். "உதைக்குதுக்கா, பாருங்களேன்." நான் நாலு பெற்றவள். எனக்கு எந்த உதையும் தெரியவில்லை. "ஆஸ்பத்திரி நர்சு மிஸ்ஸிகிட்ட ஒரு தரம் காட்டிட்டு வாங்கக்கா, புள்ள மூஞ்சில ரத்தமே இல்ல" என்று சாரதாம்பாளிடம் எத்தனை தரம் சொன்னேன்!

"வளையல் போடுறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரி வாசப்படி மிதிக்கக் கூடாது பீவி. எங்க குடும்பத்துல வழக்கமில்ல. கண்ணு பட்டுடும்."

"கண்ணு படுறதுக்கு அந்த ஒடம்புல என்னக்கா மிச்சமிருக்கு?" என்றேன்.

ஏழாம் மாதம் என்று சொல்லி நாள் பார்த்தார்கள். மெர்டேக்கா, நாடு சுதந்திரம் அடைந்த வருடம், ஊரெல்லாம் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரம். கோகிலாவை மணையில் உட்காரவைத்து, சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். எழுந்திரு என்றதும் எழுந்தாள். அப்படியே சரிந்தாள். "மயக்கந்தான், புள்ளத்தாச்சிக்கு வர்றதுதான்" என்று சாரதாம்பாள் விசிறியை எடுத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி எறிந்தேன். மூன்று சக்கரப் பெச்சாக்காரரைக் கூப்பிட்டு, அவளை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயபாலனும் அவன் அம்மாவும் இன்னொரு பெச்சாவில் பின்னாலேயே வந்தார்கள்.

மிஸ்ஸி தமிழ்ப் பெண், பெயர் ஜெயா. டாக்டர் பார்த்து முடித்து, மலத்தையும் சோதித்த பிறகு அவள்தான் வெளியே வந்து சொன்னாள்.

"புள்ள இல்லம்மா. கொக்கிப்புழு. வெறுங்கால் வழியா ஒடம்புக்குள்ள போயி, சிறுகுடல்ல கடிச்சுத் தொங்கிக்கிட்டு ரத்தத்தை உறிஞ்சுது. ரத்தம் இல்லாமதான் மண்ணு தின்ன ஆச, மாசாமாசம் வர்றது நின்னது, வயிறு வீங்கினது எல்லாம். புழுவுக்கு மருந்து இருக்கு. ஆனா மொதல்ல ரத்தம் ஏத்தணும், இல்லன்னா பொழைக்கிறது கஷ்டம். சொந்தக்காரங்க யாரு தர்றீங்க?"

ஜெயபாலன் ஓரடி முன்னால் வந்தான். சாரதாம்பாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஊரக் கூட்டி வளையல் போடவெச்சு என் மானத்தை வாங்கிட்டா. புள்ள இருக்குன்னு ஏமாத்தினவளுக்கு என் மவன் ரத்தமா? நாளைக்கே வேற பொண்ணு பாத்துக் கட்டிவைக்கிறேன் பாரு!"

"அடிப் பாவி! புள்ளன்னு மொதல்ல சொன்னது அவளா, நீயா?" நான் கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. "என் ரத்தத்தை எடுங்க மிஸ்ஸி" என்று கையை நீட்டினேன். அதைப் பார்த்த பிறகுதான் ஜெயபாலன் அம்மாவின் கையை உதறிவிட்டு வந்தான். இருவரையும் சோதித்தார்கள். என்னுடையது சேர்ந்தது. அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்து மிஸ்ஸி உதட்டைப் பிதுக்கினாள். "இவருக்கே ரத்தம் கம்மி. இவருக்கும் புழுதான் இருக்கும்."

உடனே சாரதாம்பாள் குரல் மாறியதைக் கேட்க வேண்டுமே! "ஐயோ, என் ராசா! என்ன நோவோ தெரியலையே! மிஸ்ஸி, மொதல்ல இவனுக்கு மருந்து குடுங்கம்மா, ஒரு கட்டில் போடுங்கம்மா!" மகன் வயிற்றில் இருந்தால் அது நோய். மருமகள் வயிற்றில் இருந்தால் ஏமாற்று. அவளை அங்கேயே அறையாமல் விட்டது என் பொறுமை.

ரத்தம் ஏறி, புழு மருந்து குடித்து, பேதியாகி, கோகிலா பிழைத்தாள். உதட்டில் கொஞ்சம் சிவப்பு வந்ததும் சாரதாம்பாள் தூக்குச்சட்டியில் கஞ்சியோடு வந்து நின்றாள். பின்னாலேயே ஜெயபாலன். கீரைப் பாத்தி காய்ந்து கிடக்கிறதே, ஆள் வேண்டாமா?

"போனது போச்சு, கெளம்பு. இனிமே நெசமாவே ஒரு புள்ளயப் பெத்துக்கலாம்."

கோகிலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அத்தை, பொம்பளப் புள்ளன்னு நெனச்சு, தெனமும் பாத்தியில நின்னு அதுகிட்டதான் பேசிக்கிட்டிருந்தேன். பேரு கூட வெச்சிட்டேன். அது இல்லன்னு மிஸ்ஸி சொன்னப்போ எனக்கு அது செத்துத்தான் போச்சு. ஒங்க வீட்டுல யாராச்சும் அதுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டீங்களா? மானம் போச்சுன்னுதான அழுதீங்க. நா வரல."

ஜெயபாலன் கட்டிலருகே வந்தான்.

"என்ன பேரு வெச்ச?" என்று கேட்டான்.

"அதை ஒங்களுக்குச் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.