ஏழு நாள் யாரும் உட்காராத நாற்காலி

1. தூங்க வந்தவர்கள்

பெங்களூரு வைட்ஃபீல்ட் ஷோரூமில் மசாஜ் நாற்காலி விற்கச் சேர்ந்த புதிதில் நான் விற்றது பூஜ்யம். அதில் தூங்கியவர்கள் ஏராளம். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஐ.டி. ஆட்கள் வருவார்கள், டெமோ பீஸில் சாய்ந்து குறட்டை விடுவார்கள், "யோசிச்சுச் சொல்றோம் மேடம்" என்று எழுந்து போவார்கள்.

விலை இரண்டு லட்சம். வீட்டில் ஏழு நாள் டிரையல் பார்க்கலாம். ஆனால் திருப்பித் தந்தால் ரீஸ்டாக்கிங் சார்ஜ் என்று இருபதாயிரம் பிடித்துக்கொள்வோம். அதைச் சொன்னதும் அவர்களுக்குத் தூக்கம் போய்விடும்.

கன்னடக்கார மேனேஜர் மஞ்சுநாத் சார் கூப்பிட்டார். "ஏன்ரீ மேரி, இந்த மாசம் ஒண்ணாவது போகலேன்னா உங்கள பீன்யா கோடவுனுக்கு மாத்திடுவாங்க." அங்கே அட்டைப்பெட்டி எண்ணும் வேலை. பேசாவிட்டால் எனக்குச் சோறு செரிக்காது. பயந்தே போனேன்.

2. டிரையல்

மாதக் கடைசியில் செந்தில் என்ற சேலத்துக்காரர் பணம் கட்டி எடுத்துப் போனார். தீராத முதுகுவலி அவருக்கு. ஷோரூம் முழுக்க மைசூர்பாக்கு கொடுத்தேன். ஏழாம் நாள் போன்: "மேடம், திருப்பி எடுத்துக்கோங்க."

லோடிங் ஆட்கள் இருவரோடு டெம்போவில் அவர் ஃப்ளாட்டுக்குப் போனேன். ஹாலில் நாற்காலி கம்பெனி பிளாஸ்டிக் கவரோடு அப்படியே நின்றது. கவர்மேல் மஞ்சள், குங்குமம்.

"பிரிக்கவே இல்லையா சார்?"

"பிரிச்சா யூஸ் பண்ணதா ஆயிடும்ல? இருபதாயிரம் போயிடுமே! இப்ப முழு ரீஃபண்ட் குடுப்பீங்கல்ல?"

"அப்ப டிரையல்?"

"பாத்தோமே. டெய்லி பாத்தோம்."

அவர் மனைவி கவிதா சொன்னார்: "வந்தவங்க யாரையும் கிட்ட விடல மேடம். இவரு முதுகுவலியோட தரையில படுத்து அதையே பாத்துட்டு இருந்தாரு."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். பிறகு லோடிங் ஆளின் கட்டரை வாங்கிச் சர்ரென்று கவரைக் கிழித்தேன். கணவனும் மனைவியும் அலறிவிட்டார்கள்.

"சார்ஜ என் சம்பளத்துல பிடிக்கட்டும். பத்து நிமிஷம் உக்காருங்க சார்!"

வீறாப்பாகத்தான் சொன்னேன். என் சம்பளமே ஏறக்குறைய அவ்வளவுதான்.

செந்தில் பயந்துகொண்டே உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டேன். "ஐயோ... யம்மா... அங்கதான்... அங்கயேதான்!" அரை மணி நேரம் ஆனது.

"எந்திரிங்க, எனக்கும் முதுகு இருக்கு!" என்றார் கவிதா.

"இனிமே இது நம்ம வீட்டுலதான இருக்கப் போகுது, அப்புறம் உக்காரு" என்றார் செந்தில், கண்ணைத் திறக்காமல்.

மஞ்சுநாத் சார் போன் செய்தார். "லோடு ஏத்தியாச்சா?"

"டெம்போ காலியா வருது சார்!" என்று கத்தினேன். லிஃப்டில் நான் போட்ட ஆட்டத்தை லோடிங் ஆட்கள் இன்றும் நடித்துக் காட்டுகிறார்கள்.

விற்பனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். திருப்பித் தந்தால் பணம் பிடிப்போம் என்றால் பாதிப்பேர் எடுத்துப் போகவே மாட்டார்கள், மீதிப்பேர் பிரிக்க மாட்டார்கள். மஞ்சுநாத் சார் மேலிடத்தில் பேசி அந்த சார்ஜை எடுக்க வைத்தார். இப்போதெல்லாம் கவரை நாங்களே கிழித்து, வாங்கியவரை உட்கார வைத்த பிறகுதான் டெலிவரிக் கையெழுத்து வாங்குகிறோம். அவரை எழுப்பிக் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு.