ஜோடி நம்பர் பலகை

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் காட்டில் பண்ணைக் குட்டை வெட்டியபோது எனக்குப் பத்து வயது. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் பொக்லைன் மண்ணை வாரிக் கொட்டிய இடத்தில் நீளமான இரும்புத் தகடு ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நான்தான் முதலில் பார்த்தேன். இழுத்துக் கழுவினால் லாரியின் நம்பர் பலகை. டி.என். என்று தொடங்காத பழைய நம்பர். அலுமினிய எழுத்துகளை ரிவிட் அடித்துப் பதித்திருந்தார்கள்.

சித்தப்பாவுக்கு ஒரே குஷி. பழைய நம்பர் பலகைகளைத் தேடிச் சேர்ப்பது அவருடைய பைத்தியம். பழைய இரும்புக் கடைகளிலும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளிலும் பொறுக்கி வந்து மோட்டார் ரூம் சுவர் முழுக்க மாட்டியிருந்தார். அம்மாவுக்கு அது குப்பை. எனக்கு மட்டும் அவர் பாடம் நடத்துவார்: எழுத்து உதிர்ந்தால் மதிப்புப் போச்சு, புதுப் பெயின்ட் அடித்தால் அதைவிட மோசம், முன்னும் பின்னும் மாட்டிய இரண்டும் சேர்ந்து கிடைத்தால் ராஜ யோகம்.

“இது ஜோடியாக் கெடச்சிருந்தா சேலத்துக்காரரு கண்ண மூடிட்டு எடுத்துக்குவாரு சாமி” என்று பெருமூச்சு விட்டார். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் அந்தச் சேலத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

ஜோடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்களோடேயே இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, பொங்கலுக்குப் பட்டுப்புடவை எடுக்கப் பெட்டியைத் திறந்தபோது அடியில் துணி சுற்றிய தகடு ஒன்றையும், துணி விலகிய ஓரத்தில் இதே மாதிரி ரிவிட் அடித்த எழுத்துகளையும் பார்த்திருந்தேன். கேட்டதற்கு, “ஒண்ணுமில்ல கண்ணு” என்று மூடிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தேன். அதே நம்பர். துரு இல்லை, எண்ணெய் போட்டுத் துடைத்தது போல மினுமினுப்பு.

வாசலில் சேலத்துக்காரரும் சித்தப்பாவும் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா ஒரு மரியாதைக்கு எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தார். மண்ணில் கிடந்ததற்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோய் வைத்தேன்.

“அத்த பெட்டியில இருந்துச்சு சித்தப்பா. ஜோடி!”

“அடேங்கப்பா, நல்லா வெச்சிருக்கீங்களே” என்று சேலத்துக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். அதுவரை இந்தத் தகடுகளைத் திரும்பியும் பாராத அப்பா, குனிந்து நம்பரைப் படித்தார். அந்த நேரத்தில் அத்தை பால் கேனோடு வந்துவிட்டார்.

“அது குடுக்கறதுக்கில்லீங்க” என்றார் சேலத்துக்காரரிடம்.

“ரெண்டும் சேர்ந்தாத்தானுங்க மதிப்பு” என்று அவர் இழுத்தார்.

“மண்ணுல கெடந்தத எடுத்துட்டுப் போங்க. இது என்னோடதுங்க.”

கேனைக் கீழே வைத்தார். பலகையை வாங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டு உள்ளே போனார். அப்பா “அம்மிணி...” என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டார். அத்தை திரும்பவில்லை. சேலத்துக்காரர் எதையும் வாங்காமல் கிளம்பினார். யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அழுதுகொண்டே போய், இனிமேல் பெட்டியைத் தொடமாட்டேன் என்றேன். அத்தை என் மூக்கைத் துடைத்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னார். அது அத்தையின் வீட்டுக்காரர், என் மாமா ஓட்டிய லாரி. நாக்பூருக்கு லோடு ஏற்றிப் போனவர், அங்கே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டார். வண்டியைக் கிளீனரும் வேறொரு டிரைவரும்தான் திருப்பிக் கொண்டுவந்தார்கள். சித்தப்பா அப்போது ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். வண்டியை உடைக்கப் போட்ட அன்று, அந்த ஆளின் ஞாபகம் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று இரண்டு பலகைகளையும் வாங்கிக்கொண்டு போன அத்தை, புதைத்துவிட்டேன் என்று அப்பாவிடம் வந்து சொன்னாராம். தங்கை அவனை அன்றோடு தலைமுழுகிவிட்டாள் என்று சொல்லிச் சொல்லி அப்பா பெருமைப்படுவாராம்.

பெட்டியைத் திறந்ததற்காகத்தான் அன்று மன்னிப்புக் கேட்டேன். அத்தனை வருஷமாக அண்ணனிடம் அவர் மறைத்து வைத்திருந்த ஆசையை எடுத்து வாசலில் வைத்துவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.