வராத பார்சலும் உடைந்த மண்டையும்

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வராத ஒரு பார்சலுக்காக ஒரு மனிதனின் மண்டையை உடைத்தவன் நான்.

கையடக்கத் தொலைபேசி எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு வந்த புதிது. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன என் கொழுந்தியா கடைசியாகப் பேசியபோது, வீட்டுக்காரி இஸ்திரிப்பெட்டியால் முதுகில் சுட்டுவிட்டாள் என்று அழுதாள். அதற்குப் பிறகு பல மாதமாகப் பேச்சே இல்லை. அடுப்பில் சோறு கரிவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பாள் என் மனைவி.

அப்போதுதான் போனில் அந்தச் செய்தி வந்தது, இங்கிலீஷில்: வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு வந்த பார்சல் பதுளையில் நிற்கிறது, எடுக்க ரீலோட் கார்ட் இலக்கங்களை அனுப்புக.

"அவதாங்க போட்டிருக்கா! உசுரோட இருக்கா!" மனைவி என் கையைப் பிடித்துக் குதித்தாள்.

லயத்திலேயே இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே துரை நான். ஹாலிஎல கடையில் போனுக்குக் காசு ஏற்றும் அந்தக் கார்ட்டுகளை வாங்கி, நகம் தேயச் சுரண்டி, இலக்கங்களை அனுப்பினேன். பார்சல் வரவில்லை. இன்னும் கார்ட் கேட்டுத்தான் செய்தி வந்தது.

பார்சலைக் கந்தோர்க்காரன்கள் களவெடுத்துவிட்டான்கள் என்று பதுளைக்கு பஸ் ஏறினேன். பஜாரில் கண்ணில் பட்ட முதல் பார்சல் கந்தோருக்குள் புகுந்து, "எங்கடா என் பார்சல்?" என்று அங்கிருந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கரின் சட்டையைப் பிடித்துத் தலையை மேசையில் மோதினேன். புருவம் பிளந்து ரத்தம் கொட்டியது. ஒல்லியான ஆள்தானே என்று நம்பியது என் அடுத்த பிழை. தராசுப் படியைத் தூக்கி என் வாயில் ஒரே போடு. முன்பல் ஒன்று விலாசமில்லாத பொதி மாதிரி மேசையில் போய் விழுந்தது. மிச்சத்தைக் கந்தோர் லொறிக்காரர்கள் தெருவில் போட்டுக் காலால் முடித்தார்கள். விலாவில் ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஆஸ்பத்திரியில் தையலுக்காக இருவரையும் ஒரே வாங்குப் பலகையில் உட்கார வைத்தார்கள். கிளாக்கர் வீங்காத கண்ணால் என் போனை வாசித்தார்.

"இதில உங்கட பேர் கிடக்கோ? அனுப்பின ஆளின்ர பேர்? எந்தக் கந்தோர் எண்டாவது? கார்ட் நம்பர் கேக்கிறவன் கள்ளன் ஐசே! அனுப்ப முதல் எங்களிட்ட வந்து கேட்டிருக்கலாமே!"

"கேக்கத்தானே வந்தேன்."

"மண்டைய உடைச்சோ கேக்கிறது?"

வீட்டுக்குப் போனதும் மனைவி என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். வெறுங்கை.

"அது பொய்ச் செய்தியாம்" என்றேன்.

அவள் சுவரில் சாய்ந்து அழத் தொடங்கினாள். சிரிக்க வைக்கலாம் என்று பல் போன வாயைத் திறந்து காட்டினேன். "அடி வாங்குனது நான், நீ எதுக்குடி அழுவுற?"

"அடி வாங்குனாலும் நீங்க திரும்பி வந்துட்டீங்க. அவ?"